எனக்கு எழுதுவது முதலில் என்னை வந்து சேரட்டும்: அகுஸ்தீன், ஜெரோம் கடித விவகாரம் குறித்த நிகழ்வு ஆய்வு

கிறிஸ்தவர்கள் ஒருவரையொருவர் திருத்த நேரும்போது உண்மையையும் அன்பையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு எபேசியர் 4:15 மிகச் சுருக்கமான விடை தருகிறது: "அன்புடன் சத்தியத்தைக் கைக்கொண்டு" வளர வேண்டும். விடை சுருக்கமாக இருப்பதாலேயே நடைமுறையில் ஆளுக்கொரு பொருள் கொள்கிறோம். சிலருக்குக் கடுஞ்சொல்லே சத்தியமாகத் தெரிகிறது; வேறு சிலருக்கு வாய்மூடி இருப்பதே அன்பாகத் தெரிகிறது. வசனத்தை விளக்கும் பிரசங்கங்களுக்குக் குறைவில்லை என்பதால், உண்மையில் நடந்த ஒரு மனத்தாங்கலை, இரு தரப்பின் சொற்களும் ஆவணங்களாக எஞ்சியிருக்கும் ஒன்றை, தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்வது பயனுள்ளதாக இருக்கும் என்று கருதுகிறேன். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீனுக்கும் பெத்லகேமில் வாழ்ந்த குருவானவர் ஜெரோமுக்கும் இடையே, ஏறத்தாழ 395 முதல் 405 வரை நடந்த கடிதப் போக்குவரத்தே அந்த நிகழ்வு. அதற்கு ஒரு பிற்பகுதியும் உண்டு. அதுதான் இந்த ஆய்வுக்கு மிகவும் முக்கியமானது.

இந்த நிகழ்வுக்கு ஒரு தனிச்சிறப்பும் இருக்கிறது. இருவரும் எதைப் பற்றி விவாதித்தார்களோ அதுவே கண்டிப்பும் கனிவும் பற்றிய கேள்விதான். அப்போஸ்தலர்கள் ஒருவரையொருவர் எப்படித் திருத்தினார்கள் என்று எழுதிக்கொண்டே, ஒருவரையொருவர் எப்படித் திருத்துவது என்று தெரியாமல் இருவரும் தடுமாறினார்கள்.

சர்ச்சையின் பொருள்

கத்தோலிக்க வழக்கில் எரோணிமுஸ் என்று அழைக்கப்படும் ஜெரோம், 347ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தவர். 386 முதல் பெத்லகேமில் துறவு வாழ்க்கை நடத்தி, பழைய ஏற்பாட்டை எபிரேய மூலத்திலிருந்து இலத்தீனுக்குக் கொண்டுவந்தவர். இலத்தீன் திருச்சபையில் அவருக்கு நிகரான மொழியறிஞர் அன்று வேறொருவர் இல்லை. அகுஸ்தீன் 354இல் பிறந்தவர். 391இல் ஹிப்போவில் குருவாகி, சில ஆண்டுகளில் அந்நகரின் ஆயரானவர். அவருக்கு எபிரேயம் தெரியாது. கிரேக்கத்திலும் ஜெரோமுடைய புலமை கிடையாது. கல்வியிலும் வயதிலும் ஜெரோம் மூத்தவர். திருச்சபைப் பதவியில் அகுஸ்தீன் உயர்ந்தவர். இருவரும் கடைசிவரை நேரில் சந்தித்துக்கொண்டதே இல்லை. கப்பலேறிப் போகும் யாராவது நம்பகமான ஆள் கிடைத்தால்தான் கடிதம் நகரும். குளிர்காலத்தில் கடற்பயணமே பெரும்பாலும் நின்றுவிடும்.

கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்லும் அந்தியோகியா நிகழ்ச்சி பலருக்கும் தெரிந்தது. புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவந்த பேதுரு, யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார், மற்ற யூதரும் அவரோடு சேர்ந்து மாயம் பண்ணினார்கள், பர்னபாவும் இழுப்புண்டார். அப்போது பவுல் எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவை "முகமுகமாய்" எதிர்த்தார். திருச்சபையின் இரு தூண்கள் பொதுவில் மோதிக்கொண்டதைச் சுட்டிக்காட்டி, கிறிஸ்தவத்துக்கு எதிராக எழுதிய தத்துவவாதி போர்பிரியுஸ் ஏளனம் செய்திருந்தார். 386ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலாத்தியர் நிருபத்துக்கு விளக்கவுரை எழுதிய ஜெரோம், மூன்றாம் நூற்றாண்டின் கிரேக்க வேதவிளக்க அறிஞர் ஒரிஜனைப் பின்பற்றி இதற்கு ஒரு சமாதானம் சொன்னார். பேதுரு உண்மையில் தவறு செய்யவில்லை. பவுலும் உண்மையில் கோபிக்கவில்லை. யூத விசுவாசிகளின் மனமும் நோகாமல், புறஜாதி விசுவாசிகளுக்கும் வழி தெளிவாகும்படி இருவரும் ஒரு தோற்றத்தை நடத்திக் காட்டினார்கள் என்பதே அந்தச் சமாதானம்.

இந்த விளக்கத்தைப் பரிவின் விளக்கம் என்று சொல்வதில் தவறில்லை. பேதுருவின் கண்ணியம் காப்பாற்றப்படுகிறது, பவுல் துடுக்கானவர் என்ற பழி நீங்குகிறது, எதிரியின் ஏளனத்துக்கும் பதில் கிடைக்கிறது. இதில் யாருக்கு நட்டம் என்று கேட்கத் தோன்றும்.

அகுஸ்தீன் கண்ட நட்டம் வேறிடத்தில் இருந்தது. பேதுரு செம்மையாய் நடக்கவில்லை என்று பவுல் எழுதியிருக்க, பேதுரு செம்மையாகத்தான் நடந்தார் என்று நாம் சொன்னால், பவுல் எழுதியது பொய் என்று ஆகிவிடும். நல்ல நோக்கத்துக்கான ஒரு பொய்யை வேதாகமத்துக்குள் ஒரே ஒரு முறை அனுமதித்துவிட்டால், பிடிக்காத எந்த வசனத்தையும் இதுவும் ஒரு நல்ல நோக்கத்துக்காகச் சொல்லப்பட்ட பொய்தான் என்று தள்ளிவிட வழி பிறக்கும். அதே நிருபத்தின் முதல் அதிகாரத்தில், தான் எழுதுகிறவை பொய்யல்லவென்று தேவனுக்கு முன்பாகப் பவுல் உறுதி கூறுகிறார் என்பதையும் அகுஸ்தீன் எடுத்துக்காட்டினார். பொய்யைப் பற்றி அவர் தனி நூல் எழுதியதும் ஏறக்குறைய இதே காலத்தில்தான்.

கடிதம் போன வழி

394 அல்லது 395இல், இன்னும் குருவாக மட்டுமே இருந்த அகுஸ்தீன் தம் முதல் கடிதத்தை எழுதி, புரோஃபுத்தூருஸ் என்ற நண்பரிடம் ஒப்படைத்தார். கப்பலேறுவதற்குள் அந்த நண்பர் ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிறிது காலத்தில் இறந்தும் போனார். கடிதம் போகவில்லை. 397ஐ ஒட்டி, அதே பொருளில் இன்னும் கூர்மையான ஒரு கடிதத்தை எழுதி வேறொருவரிடம் கொடுத்தார். அவரும் பெத்லகேம் போய்ச் சேரவில்லை. ஆனால் கடிதம் மட்டும் பயணம் செய்தது. யாரோ படியெடுத்தார்கள், ரோமாபுரியிலும் இத்தாலியிலும் கைக்குக் கை மாறியது. கடைசியில் சிசின்னியுஸ் என்ற திருத்தொண்டர், ஆதிரியக் கடலின் ஒரு தீவில், அகுஸ்தீனின் மற்ற எழுத்துகளுக்கு நடுவே அதன் படி ஒன்றைக் கண்டெடுத்து ஜெரோமிடம் கொண்டுவந்தார். எழுதியவரின் கையொப்பம் அதில் இல்லை.

ஜெரோமின் நிலையில் நின்று இதைப் பார்க்க வேண்டும். அந்தக் கடிதம், அவர் தம் விளக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு மறுப்புப் பாட்டுப் பாட வேண்டும் என்று கேட்டிருந்தது. முன்பின் பார்த்திராத, வயதில் இளைய ஓர் ஆயர், அறிவுலகில் முப்பது ஆண்டு உழைத்த ஒருவரிடம் அப்படிக் கேட்கிறார். அதை ரோமாபுரியே படித்து முடித்திருக்கிறது. படிக்காதவர் அவர் ஒருவர்தான். அவர் தன்னடக்கத்துக்குப் பெயர்போனவரும் அல்லர். பால்ய நண்பர் ருஃபீனுஸோடு, வேதப்புரட்டர் என்ற சந்தேகத்துக்கு உள்ளாகியிருந்த ஒரிஜனைப் பற்றிய தகராறில் மூண்ட பகை அப்போதுதான் உச்சத்தில் இருந்தது.

இதற்கிடையில், தாம் ஜெரோமுக்கு எதிராக ஒரு நூலை எழுதி ரோமாபுரிக்கு அனுப்பியதாக வதந்தி உலவுவது அகுஸ்தீனின் காதுக்கு எட்டியது. 402ஐ ஒட்டி எழுதிய கடிதத்தில், கடவுளைச் சாட்சி வைத்து அதை மறுத்தார். அந்த மறுப்பு எழுத்துக்கு எழுத்து உண்மைதான். அவர் எழுதியது கடிதம், நூலன்று. அனுப்பியது பெத்லகேமுக்கு, ரோமாபுரிக்கு அன்று. ஆனால் அந்தக் கடிதத்தின் படியைக் கையில் வைத்துக்கொண்டிருந்த ஜெரோமுக்கு இந்த மறுப்பு எப்படிக் கேட்டிருக்கும்? பின்னாளில், 405இல், அகுஸ்தீனே இந்த இடத்துக்குத் திரும்பி வந்து, வேறு ஏதோ நூலைப் பற்றித்தான் வதந்தி என்று எண்ணியதாகவும் அந்தக் கடிதம் நினைவில் தோன்றவில்லை என்றும் விளக்க வேண்டியதாயிற்று. அவர் சொல்வதை நான் நம்புகிறேன். எனினும் பொய்யே கூடாது என்பதில் இவ்வளவு கண்டிப்பான ஒருவர், கேட்பவரின் காதில் பொய்யாக ஒலித்த ஓர் உண்மையை ஆணையிட்டுச் சொல்ல நேர்ந்தது இந்த விவகாரத்தின் வினோதங்களில் ஒன்று.

ஜெரோமின் பதில்கள் நட்பான சொற்களுக்குள் நகத்தை மறைத்தவை. புகழ்பெற்றவர்களைக் குறைகூறித் தமக்குப் பெயர் தேடுவது சிறுபிள்ளைத்தனம் என்றார். களைத்த மாடு காலை இன்னும் அழுத்தமாக ஊன்றும் என்ற பழமொழியை நினைவூட்டினார். தாம் ஓய்வுபெற்ற போர்வீரன் என்றும், வாதம் செய்து பார்க்க ஆசையிருந்தால் ரோமாபுரியில் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களைத் தேடிக்கொள்ளலாம் என்றும் எழுதினார். மேலும், எருசலேமைச் சுற்றியுள்ள தம் நண்பர்களில் சிலர், அகுஸ்தீன் இதைக் கபடமற்ற மனதோடு செய்யவில்லை, மக்களிடம் புகழ் தேடியே செய்தார் என்று சொல்வதையும் சேர்த்துக்கொண்டார். தாமாகச் சொல்லத் துணியாததை நண்பர்களின் வாயில் வைத்துச் சொல்வது நமக்கும் பழக்கமான உத்திதான். அகுஸ்தீனின் கடிதத்தைத் தேன் தடவிய வாள் என்றவரும் அவரே.

அந்தக் கடுமைக்கு நடுவே இரண்டு வரிகள் தனித்து நிற்கின்றன. "வயதில் மகனே, பதவியில் தந்தையே" என்று விளித்து அவர் அந்தக் கடிதத்தை முடிக்கிறார். அதோடு சேர்த்து ஒரு வேண்டுகோள்: எனக்கு எழுதுவது எதுவானாலும் அது முதலில் என்னையே வந்து சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஜெரோமின் எழுத்தில் ஆத்திரத்தையும் அங்கதத்தையும் நீக்கிவிட்டுப் பார்த்தால், அவருடைய புகார் முழுவதும் இந்த ஒரு வேண்டுகோளில் அடங்கிவிடுகிறது.

காயம் எங்கே பட்டது

திருத்தப்பட்டதில் ஜெரோமுக்கு வருத்தமே இல்லை என்று சொல்ல முடியாது. எந்த அறிஞருக்கும் அது வலிக்கும். ஆனால் அவர் எழுத்தில் திரும்பத் திரும்ப வருவது மற்றவர்கள் தமக்கு முன்பே படித்துவிட்டார்கள் என்ற புண். மத்தேயு 18:15 இதற்குத் தெளிவான வரிசையைத் தருகிறது: "நீயும் அவனும் தனித்திருக்கையில்" குற்றத்தை உணர்த்து. பிறகுதான் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சபைக்கு அறிவிப்பது அதற்கும் பின்னால். அகுஸ்தீன் இந்த வரிசையை மீற நினைக்கவில்லை. கடிதம்தான் அவர் கையை மீறிப் போயிற்று. ஆயினும் பெறுபவரைப் பொறுத்தவரை நோக்கமும் விபத்தும் ஒரே வடிவத்தில்தான் வந்து சேர்கின்றன. நம் சபைகளில் ஒருவருடைய குறையை அவரிடம் சொல்வதற்கு முன்பே ஜெபக் குறிப்பு என்ற பெயரில் பத்துப் பேரிடம் சொல்லிவிடும் வழக்கத்துக்கு விபத்து என்ற சமாதானமும் கிடையாது.

அடுத்தது தேன் தடவிய வாள். அகுஸ்தீனின் கடிதங்களில் பாராட்டுக்குக் குறைவில்லை. ஜெரோமின் புலமையை வியந்து, அன்பைப் பொழிந்து, அதன் பிறகே குறையைச் சொல்கிறார். புகழ்ச்சியை முன்னும் பின்னும் வைத்து நடுவில் கண்டனத்தை வைக்கும் இந்த முறையை இன்றும் ஆலோசனை வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஜெரோமிடம் அது முற்றிலும் தோற்றது. அதற்குக் காரணமும் உண்டு. 398இல் ருஃபீனுஸ், ஒரிஜனின் நூலொன்றை மொழிபெயர்த்தபோது, அதன் முன்னுரையில் ஜெரோமை ஒரிஜனின் அபிமானி என்று சாடையாகப் புகழ்ந்து, அந்தப் புகழ்ச்சியாலேயே அவரைச் சிக்கலில் மாட்டிவிட்டிருந்தார். அடிபட்ட இடத்திலேயே தேன் தடவினால் எரியத்தான் செய்யும். சொல்லின் இனிமை அன்புக்கு அடையாளமாக ஏற்கப்பட வேண்டுமானால், முன்பே ஓர் உறவு இருக்க வேண்டும். இந்த இருவருக்கும் இடையே அது இன்னும் உருவாகியிருக்கவில்லை.

404இல் அகுஸ்தீன் எழுதிய பதில் கடிதத்தில் ஒரு மாற்றம் தெரிகிறது. தாம் புண்படுத்தியிருந்தால் கிறிஸ்துவின் சாந்தத்தின் பேரில் மன்னிக்க வேண்டும் என்று நேராகக் கேட்கிறார். ஜெரோம் அனுப்பியிருந்த ருஃபீனுஸ் எதிர்ப்பு எழுத்தைப் படித்துவிட்டு, ஜெரோமுக்கும் ருஃபீனுஸுக்கும் இடையே இது நேர முடியுமானால், எந்த நண்பனை நாளைய பகைவனாக எண்ணி அஞ்சாமல் இருக்க முடியும் என்று புலம்புகிறார். இருவரையும் ஓரிடத்தில் காண முடிந்தால் காலில் விழுந்து அழுவேன் என்கிறார். கசப்பில்லாமல் விவாதிக்க முடியாதென்றால் விவாதத்தையே விட்டுவிடலாம் என்றும் எழுதுகிறார். இங்கே தேன் பூசப்படவில்லை. ஆனால் அவர் நிலை பலவீனமாகிறது. கண்டிப்பவராகத் தொடங்கியவர், கண்டிக்கப்படக்கூடியவராகத் தம்மை வெளிப்படுத்துகிறார். அதே கடிதத்தில் ருஃபீனுஸ் விவகாரம் குறித்து ஜெரோமுக்குச் சொல்ல வேண்டியதையும் அவர் விழுங்கிவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

ஜெரோமும் 404 வாக்கில் விரிவான பதிலை எழுதினார். அதில் சரக்கு இருந்தது. பவுலே தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்வித்தவர், கெங்கிரேயாவில் பொருத்தனைக்காகத் தலைமுடி கத்தரித்தவர், எருசலேமில் ஆலயத்துக்குப் போய்ச் சுத்திகரிப்புச் சடங்கில் சேர்ந்தவர். யூதருக்கு அஞ்சித் தாமே செய்ததைப் பேதுரு செய்தபோது எந்த முகத்தோடு அவரைக் கண்டிப்பார் என்று கேட்டார். இது கனமான கேள்வி. அகுஸ்தீன் சொல்லும் கருத்து, யூத விசுவாசிகள் நியாயப்பிரமாணச் சடங்குகளை விடாமல் செய்யலாம் என்ற பழைய தவறுக்கு இட்டுச்செல்லும் என்றும் எச்சரித்தார்.

இதே கடிதங்களில் மொழிபெயர்ப்புத் தகராறு ஒன்றும் ஓடுகிறது. வட ஆப்பிரிக்காவின் ஓயா நகரில், இன்றைய திரிப்பொலியில், யோனா தீர்க்கதரிசிக்கு நிழல் தந்த செடிக்கு ஜெரோம் தம் மொழிபெயர்ப்பில் இட்ட புதிய பெயரை ஆலயத்தில் வாசித்ததும் மக்கள் கொந்தளித்தார்கள். ஆயர் சபையை இழக்காமலிருக்கப் பழைய சொல்லுக்கே திரும்ப வேண்டியதாயிற்று என்று அகுஸ்தீன் தெரிவித்தார். நம் வேதாகமத்தில் அது ஆமணக்கு என்பதால் நமக்கு அந்தக் கலவரம் நேரவில்லை. இந்தக் கிளைக்கதையை இத்தோடு விடுகிறேன்.

405ஆம் ஆண்டுக் கடிதம்

அகுஸ்தீனின் அந்த ஆண்டுக் கடிதம் இந்த விவகாரத்தின் திருப்புமுனை. பொருளில் அவர் பின்வாங்கவில்லை. வேதாகம நூல்கள் மட்டுமே பிழையற்றவை என்று ஏற்பதாகவும், மற்ற யாருடைய எழுத்தும், எழுதியவர் எவ்வளவு பரிசுத்தராயினும், ஆராய்ந்தே ஏற்கத்தக்கது என்றும் உறுதியாகச் சொல்கிறார். பேதுரு சடங்குகளைக் கைக்கொண்டதற்காக அன்று, புறஜாதியாரை அவற்றுக்குக் கட்டாயப்படுத்தியதற்காகவே பவுல் அவரைக் கண்டித்தார் என்று ஜெரோமின் கேள்விக்கு விடை தருகிறார். ஒரிஜன் முதலானோரை ஜெரோம் துணைக்கு அழைத்ததற்கு எதிராக, முன்னைய ஆயர்களான சிப்ரியானையும் அம்புரோசையும் நிறுத்தி, அவர்கள் எல்லாரிலும் பெரிய சாட்சியாகப் பவுலையே நிறுத்துகிறார்.

ஆனால் விட்டுக்கொடுக்க வேண்டியதை அவர் விட்டுக்கொடுத்தார். யூத விசுவாசிகள் சடங்குகளைக் கடைப்பிடித்தது அந்தத் தொடக்க காலத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதைத் தம் முந்தைய கடிதத்தில் தெளிவாகச் சேர்த்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். எபிரேயத்திலிருந்து மொழிபெயர்க்கும் பணியின் பயனையும் இப்போது ஏற்றார். ஆயர் பதவி குருப்பதவியைவிட மதிப்பில் பெரிதாயினும், பல காரியங்களில் அகுஸ்தீன் ஜெரோமைவிடச் சிறியவனே என்று எழுதினார். இதை வெறும் மரியாதைச் சொல்லாகத் தள்ளிவிட முடியாது. ஜெரோம் சீண்டிய இடமே பதவியும் வயதும் பற்றியதுதான்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, அதே கடிதத்தில் பேதுருவைப் பற்றி அவர் சொல்லும் கருத்து. சத்தியத்துக்காக மூத்தவரையும் எதிர்க்கத் துணியலாம் என்பதற்குப் பவுல் எடுத்துக்காட்டு. ஆனால் தம்மைவிடப் பிற்பட்டவரிடமிருந்து வரும் கண்டிப்பை ஏற்றுக்கொண்ட பேதுருவின் எடுத்துக்காட்டு அதைவிட அரியது, அதைவிடப் பரிசுத்தமானது என்கிறார். பேதுருவின் மானத்தைக் காக்கத்தான் ஜெரோம் அந்தத் தோற்ற நாடகத்தை முன்வைத்தார். அகுஸ்தீனின் விளக்கத்தில் பேதுருவுக்குத் தவறு ஒன்று உண்டு. ஆனால் அந்தத் தவறை ஏற்றுக்கொண்டதால் அவர் பவுலைவிட உயர்ந்து நிற்கிறார். மெய்யைச் சொன்ன விளக்கமே பேதுருவுக்குக் கூடுதல் மதிப்பைத் தந்திருக்கிறது. ஒருவரைக் காப்பாற்றுவதற்காக அவர் தவறே செய்யவில்லை என்று சாதிக்கும்போது, அவர் மனந்திரும்பிப் பெற்றிருக்கக்கூடிய மேன்மையையும் சேர்த்தே பறித்துவிடுகிறோம்.

அகுஸ்தீனின் கண்டிப்புக்கு ஓர் எல்லை

இவ்வளவையும் படித்துவிட்டு, அகுஸ்தீனுக்கு மனித மனதின் வலி தெரியாது என்று யாரும் நினைக்கக்கூடும். 420இல் பொய்க்கு எதிராக அவர் எழுதிய இரண்டாவது நூலில் ஒரு பகுதி அதற்கு விடையாகும். கடும் நோயில் கிடக்கும் ஒருவருக்கு ஒரே மகன், அவன் இறந்துவிட்டான், செய்தியைச் சொன்னால் நோயாளியின் உயிரே போய்விடும். உயிரோடிருக்கிறானா என்று அவர் கேட்கிறார். இருக்கிறான் என்பதும் பொய், தெரியாது என்பதும் பொய். இறந்துவிட்டான் என்பது கொலைக்குச் சமம் என்று பிறர் தூற்றுவார்கள். இந்த இடத்தில் தாம் அசைக்கப்படுவதை அகுஸ்தீன் மறைக்கவில்லை. மனிதனாக இருப்பதால் இந்த வாதம் தம்மைப் பலமாகத் தாக்குகிறது என்று சொல்லிவிட்டுத்தான், பொய் சொல்லக் கூடாது என்ற தம் முடிவில் நிற்கிறார்.

அந்த முடிவை ஏற்கக் கூடிய கிறிஸ்தவர்கள் அன்றும் சிலரே, இன்றும் சிலரே. மருத்துவமனை வராந்தாவில் நின்று பார்த்தவர்கள் யாரும் அதை எளிதாகச் சொல்லிவிட மாட்டார்கள். இருந்தாலும் அவர் ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறார்: பேசாமலிருந்து உண்மையை மறைப்பது பொய்யாகாது. முந்தைய நூலில், தாகாஸ்தே நகரத்தின் முன்னாள் ஆயர் ஃபிர்முஸ் என்பவரை அவர் புகழ்கிறார். அடைக்கலம் தேடி வந்த ஒருவரை அரசு ஆட்கள் கேட்டபோது, பொய்யும் சொல்ல மாட்டேன், காட்டியும் கொடுக்க மாட்டேன் என்று ஃபிர்முஸ் நின்றார், சித்திரவதையையும் தாங்கினார், கடைசியில் பேரரசர் மனமிரங்கி மன்னித்தார். இங்கே உண்மைக்கும் அன்புக்கும் இடையிலான விலையைச் செலுத்தியவர் ஆயரே. அடைக்கலம் புகுந்தவரோ கேட்டவரோ அதைச் செலுத்தவில்லை. கடிந்துகொள்வதிலும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து. திருத்துகிறவருக்கு எந்தச் செலவும் இல்லாமல், கேட்பவர் மட்டுமே விலை கொடுக்கும் திருத்தத்தைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

பிற்பகுதி

405க்குப் பிறகு பல ஆண்டுகளுக்கு இருவருக்கும் இடையே கடிதம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. ஜெரோம் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுதிய வரி ஒன்றும் இல்லை. மறுப்புப் பாட்டைக் கடைசிவரை அவர் பாடவேயில்லை. ஆனால் மனிதன் தன் முயற்சியாலேயே பாவமின்றி வாழ முடியும் என்று போதித்த பெலாகியருக்கு எதிராக 415இல் அவர் எழுதிய உரையாடல் நூலில், பேதுரு சரியாக நடக்கவில்லை என்று பவுல் சொல்வதை உள்ளபடியே எடுத்துக்கொண்டு, அப்போஸ்தலர்களின் தலைவருக்கே குறையின்மை வாய்க்கவில்லை என்றால் நமக்கு ஏன் கோபம் வர வேண்டும் என்று கேட்கிறார். பழைய விளக்கத்தின் சாயல் அங்கே இல்லை. அகுஸ்தீன் இதைக் கவனித்தார். ஒசேயானுஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டும் இருக்கிறார், ஆனால் வெற்றி கொண்டாடவில்லை.

அடுத்த ஆண்டு வாக்கில் ஜெரோம், உங்களை நேசிக்கவும் மதிக்கவும் உங்கள் சொற்களை என் சொற்களாகவே எண்ணிக் காக்கவும் தீர்மானித்துவிட்டேன் என்று அகுஸ்தீனுக்கு எழுதினார். 418ஐ ஒட்டிய கடிதத்தில், பழைய விசுவாசத்தை மீண்டும் நிலைநாட்டியவராக உங்களை மக்கள் மதிக்கிறார்கள், அதைவிடப் பெரிய புகழுக்கு அடையாளமாக வேதப்புரட்டர்கள் உங்களை வெறுக்கிறார்கள் என்று பாராட்டினார். ருஃபீனுஸ் கதை இதற்கு நேர்மாறாக முடிந்தது. அவர் இறந்த பிறகும் ஜெரோம், சிசிலி மண்ணுக்கடியில் தேள் நசுங்கிவிட்டது என்று எழுதினார். அதே ஜெரோம், அதே நாக்கு. அந்தச் சண்டை முன்னுரைகளிலும் மறுப்பு நூல்களிலும், ஊர் பார்க்க நடந்தது. அகுஸ்தீனோடு நடந்த சண்டை, தொடக்கத்தில் வழிதவறினாலும், பிறகு ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களுக்குள் திரும்பி வந்தது. இரண்டுக்கும் இடையே வேறு காரணங்களும் உண்டு. பெலாகியர் என்ற பொது எதிரி இருவரையும் ஒரே பக்கம் நிறுத்தினார் என்பதை மறுக்க முடியாது. எனினும் அது மட்டுமே காரணமாக இருந்திருந்தால், பழைய விளக்கத்தையே ஜெரோம் ஓசையின்றிக் கைவிட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

415இல் அகுஸ்தீன், ஒரோசியுஸ் என்ற இளம் குருவின் கையில் இரண்டு நீண்ட எழுத்துகளை ஜெரோமுக்கு அனுப்பினார். ஒன்று மனித ஆத்துமாவின் தோற்றம் பற்றியது. ஒவ்வோர் ஆத்துமாவும் புதிதாகப் படைக்கப்படுகிறது என்று ஜெரோம் கொண்டிருந்த கருத்தின் மேல், பச்சிளங்குழந்தைகளின் மரணத்தை முன்வைத்து மிகக் கடினமான கேள்விகளை எழுப்பியது. மற்றொன்று, ஒரு கட்டளையில் தவறினவன் எல்லாவற்றிலும் குற்றவாளி என்ற யாக்கோபு 2:10 பற்றியது. 397ஆம் ஆண்டுக் கடிதத்தைவிட இவற்றில் கேள்வியின் கூர்மை எள்ளளவும் குறையவில்லை. காலம் சரியில்லை என்று சொல்லி ஜெரோம் விடை தருவதைத் தவிர்த்தார். அந்த எழுத்துகள் வெளிவந்தால் படிக்கப் பலர் காத்திருந்திருப்பார்கள். அவற்றை வெளியிடுவதற்கு அகுஸ்தீனுக்குத் தடையும் இல்லை. ஆனால் ஜெரோம் உயிரோடிருக்கும்வரை, என்றாவது அவர் விடை எழுதக்கூடும் என்பதற்காக, அவற்றை வெளியிடாமல் தம்மிடமே வைத்திருந்ததாகத் தம் நூல்களை மறுபரிசீலனை செய்த முதுமைக்கால நூலில் அகுஸ்தீன் பதிவு செய்கிறார். ஜெரோம் 420ஐ ஒட்டிப் பெத்லகேமில் இறந்த பிறகே அவை மற்றவர்கள் கைக்குப் போயின.